மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு: கீல் உங்கள் பொறுப்பு, கோட்டம் கடைக்காரர் பொறுப்பு

காரைக்குடிப் பக்கம் எந்தச் சைக்கிள் கடைக்கு மடக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் பழுது பார்ப்பதற்கு முன்னால் ஒரு வேடிக்கை நடக்கும். கடைக்காரர் வண்டியை ரெண்டு தடவை மடக்கி விரித்துப் பார்ப்பார். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு வந்து நிற்பார்கள். "என்ன விலை தம்பி? ஆளு கனம் தாங்குமா?" என்ற விசாரணை முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும்.

பஞ்சர், கோட்டம் (சக்கரம் நேராகச் சுற்றாமல் அலைவது), பால்ரஸ், பிரேக் கட்டை இதிலெல்லாம் அவருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் நடுவில் இருக்கிற கீலும், ஹேண்டில் தண்டின் அடியில் இருக்கிற கீலும் அவர் கைக்குப் பழக்கமில்லாதவை. அந்த ரெண்டை மட்டும் நீங்களே கற்றுக்கொண்டாக வேண்டும். மற்றதில் பாதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், மீதியைத் தயங்காமல் அவரிடம் விடலாம். இருபதாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய வண்டி என்றால் பெரும்பாலான தொந்தரவு உடைசலாக இருக்காது. தளர்வாகவோ அழுக்காகவோதான் இருக்கும். பாகம் வாங்க ஓடுவதற்கு முன் இறுக்கிப் பாருங்கள், துடைத்துப் பாருங்கள்.

வேலைக்கு உட்காரும் முன்

4, 5, 6 மி.மீ. எலன் கீ (ஆறு பட்டைச் சாவி), 10 மற்றும் 15 மி.மீ. ஸ்பேனர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், பிளாஸ்டிக் டயர் லிவர் ரெண்டு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, கைப்பம்பு, தையல் மிஷின் எண்ணெய், கொஞ்சம் கிரீஸ், கிழிந்த பழைய வேட்டி. இவ்வளவு இருந்தால் போதும். எலன் கீயில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான சாவியின் முனை மழுங்கினால் போல்ட்டின் தலையையும் சேர்த்து மழுக்கிவிடும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் சொட்டினால் கறை போகாது, அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் சைக்கிளையே வீட்டுக்குள் விடமாட்டார்கள். பின்கட்டில் சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெல்லும் கியர் பிடியும் தரையில் உரசும். பழைய வீடு என்றால் ஊஞ்சல் கொக்கி இருக்கும் அல்லவா? ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, கொக்கியில் கயிறு போட்டு சீட்டுக்கு அடியில் கட்டித் தூக்கி நிறுத்துங்கள். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும். கியர் சரிபார்க்க இதைவிட வசதியான ஸ்டாண்டு விலைக்குக் கிடைக்காது.

கீல்

வண்டியை விரித்துப் பூட்டி நிறுத்துங்கள். ஒரு கையால் சீட்டையும் மறு கையால் ஹேண்டில் தண்டையும் பிடித்து முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. எங்கே என்று காதை நம்பாதீர்கள், அலுமினியக் குழாயில் சத்தம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடும். கீலின் ரெண்டு பாதிகளும் சேருகிற கோட்டின் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் அங்கேதான் என்றால் கோடு திறந்து மூடுவது விரலுக்குத் தெரியும்.

அடுத்தது கீலைப் பூட்டுகிற லிவர். மூடும்போது பாதி வழியில் எதிர்ப்பு காட்டத் தொடங்கி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினால்தான் முழுதாக மூட வேண்டும். ஒற்றை விரலில் மூடினால் தளர்வு. காலால் மிதித்து மூட வேண்டியிருந்தால் அளவுக்கு மீறிய இறுக்கம். அப்படியே ஓட்டினால் லிவரோ அதன் கம்பியோ ஒருநாள் முறியும்.

சரிசெய்யும் முன் லிவரைத் திறந்து, வண்டியைப் பாதி மடக்கி, கீலின் ரெண்டு முகங்களையும் துணியால் துடையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ச் செம்மண் தூள் அந்த முகங்களுக்கு நடுவில் படிந்தால் பூட்டு இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். ஓட்ட ஓட்ட தூள் நசுங்கிக் கொட்டிவிடும், பூட்டு தளர்ந்துவிடும். துடைத்த பிறகு லிவர் கம்பியில் இருக்கிற நட்டை (பெரும்பாலும் 10 மி.மீ.) கால் சுற்று இறுக்குங்கள். மூடிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் கால் சுற்று. ஒரே மூச்சில் ஒரு முழுச் சுற்று வேண்டாம். லிவர் தானாகத் திறந்துவிடாமல் பிடிக்கிற சின்னக் கொக்கி 'க்ளிக்' என்று விழுகிறதா என்பதையும் பாருங்கள். கொக்கி உடைந்திருந்தால் மாற்றும்வரை வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

கீல் ஆணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். பூட்டும் முகங்களில் விடாதீர்கள்.

துடைக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். கீலை ஃப்ரேமோடு வெல்டு வைத்திருக்கிற இடத்தில் தலைமுடி போல மெல்லிய கோடு ஓடுகிறதா? நகத்தால் கீறிப் பாருங்கள். பெயிண்டில் மட்டும் கீறல் என்றால் நகம் வழுக்கிப் போகும், விரிசல் என்றால் மாட்டும். சந்தேகமாக இருந்தாலே ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். "பட்டறையில் ரெண்டு பொட்டு வைத்தால் சரியாகிவிடும்" என்று சொல்ல ஆள் வருவார்கள். காந்தம் ஒட்டாத ஃப்ரேம் என்றால் அது அலுமினியம். அதை வெல்டு செய்தால் சுற்றியுள்ள பகுதி வலு இழக்கும், பழைய வலுவைக் கொண்டுவரத் தனியாக வெப்பப் பக்குவம் செய்ய வேண்டும், அந்த வசதி ஊர்ப் பட்டறையில் கிடையாது. உத்தரவாதம் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஃப்ரேமைக் கைவிட்டு மற்ற பாகங்களைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பல்லை இழப்பதைவிட இது மலிவு.

ஹேண்டில் தண்டின் கீலுக்கும் இதே முறைதான். அங்கே ஆட்டம் இன்னும் ஆபத்து, ஏனென்றால் நீளமான தண்டின் உச்சியில் உங்கள் எடை சாய்கிறது. கீலை இறுக்கிய பிறகும் ஆட்டம் நின்றபாடில்லை என்றால் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஃப்ரேமின் தலைக்குழாயில் (ஹேண்டில் தண்டுக்குக் கீழே இருக்கிற குழாய்) விரல் வைத்துப் பார்த்தால் ஃபோர்க் பேரிங்கில் தளர்வு இருப்பது தெரியும். சில வண்டிகளில் தண்டை மடக்கினால் உள்ளே ஒரு எலன் போல்ட் தெரியும், அதைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். பெரிய நட்டு ரெண்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் பெரிய ஸ்பேனர் வேண்டும், கடைக்காரரிடம் போங்கள்.

சீட் இறங்கிக்கொண்டே போனால்

வீட்டிலிருந்து கிளம்பும்போது சரியாக இருந்த சீட், கோவிலூர் தாண்டுவதற்குள் முழங்கால் மார்பில் இடிக்கிற அளவுக்கு இறங்கிவிடுகிறதா? தண்டில் கிரீஸோ எண்ணெயோ பட்டிருக்கும். மற்றச் சைக்கிள்களில் சீட் தண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க கிரீஸ் தடவுவார்கள். இது அன்றாடம் ஏற்றி இறக்குகிற தண்டு, ஒட்டிக்கொள்ள நேரமே கிடைக்காது. ஆகவே முழுதாக உருவி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, குழாயின் உட்புறத்தையும் துணி சுற்றிய குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். கிளாம்ப் நட்டைக் கால் கால் சுற்றாக இறுக்குங்கள். தண்டில் குறித்திருக்கிற எல்லைக்கோடு வெளியே தெரிகிற அளவுக்கு ஒருபோதும் உயர்த்தக் கூடாது. உங்கள் உயரம் பிடிபட்டதும் அந்த இடத்தில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

முள்

செட்டிநாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முதல் எதிரி சீமைக்கருவேலம். கண்மாய்க் கரையிலும் ரோட்டோரத்திலும் வெட்டிப்போட்ட கிளை காய்ந்து கிடக்கும், அதன் முள் டயரைத் துளைத்து நுனி உடைந்து உள்ளேயே தங்கிவிடும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த ஊருணி வருவதற்குள் மறுபடி பஞ்சர். முள்ளை எடுக்காமல் விட்டதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பின்சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லை. நம்மூர்க் கடைகளில் செய்வதுபோல வண்டியைச் சாய்த்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை வெளியே உருவிக்கொள்ளுங்கள். கியர் பக்கத்தில் நெம்பாமல் எதிர்ப்பக்கம் நெம்பினால் கை அழுக்காகாது.

1. காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்கி குமிழி வரும் இடத்தைக் குறியுங்கள்.
2. அந்த இடத்துக்கு நேரே டயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். வெறும் விரலை விட்டுத் தேடாதீர்கள். வெளியிலிருந்து தள்ளி, உள்ளிருந்து பிடுங்குங்கள்.
3. உப்புத்தாளால் டியூபைத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போய் விரலில் ஒட்டாத நிலை வரும்வரை பொறுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டு பிய்கிறது.
4. ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். டயரை ஏற்றும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் சிக்கவில்லையே என்று சுற்றிலும் பாருங்கள்.

ரெண்டு ஓட்டை அருகருகே இருந்தால் அது முள் இல்லை. காற்று குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. சின்னச் சக்கரத்துக்குக் காற்று கூடுதலாகத் தேவை. டயரின் பக்கவாட்டில் எத்தனை பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும், அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் அடிக்கலாம். ஆனால் இந்த டியூபில் பிடிப்பதே கொஞ்சம் காற்றுதான், கண்ணிமைக்கும் நேரத்தில் அளவு தாண்டி வெடித்துவிடும். தொட்டுத் தொட்டு எடுங்கள்.

டியூபே போய்விட்டால் கவலை வேண்டாம். 20 அங்குல வண்டியின் டயரில் '20 x 1.75' என்பதுபோலப் புள்ளி வைத்த எண் இருந்தால், குழந்தைகள் சைக்கிளுக்கு விற்கிற அதே அளவு டியூப்தான். சின்ன ஊர்க் கடையிலும் தொங்கும். வால்டியூப் போட்ட பழைய வகை வால்வு உள்ள டியூபும் அந்த ரிம் துளையில் பொருந்தும். '20 x 1 3/8' என்று பின்னமாக எழுதியிருந்தால் அது வேறு அளவு ரிம், மேற்சொன்ன டயர் அதில் ஏறாது. பழைய டியூபைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

பிரேக்

பிடி ஹேண்டிலைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டால், முதலில் பிரேக் பிடியருகே கேபிள் நுழையும் இடத்திலுள்ள உருளைத் திருகை எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுங்கள். கேபிள் இறுகும். அது போதாவிட்டால் கேபிளைக் கடித்துப் பிடித்திருக்கிற 5 மி.மீ. போல்ட்டைத் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து இறுக்குங்கள். ஒரு கட்டை மட்டும் ரிம்மில் உரசினால் அந்தப் பக்கப் பிரேக் கையில் இருக்கிற சின்ன ஸ்பிரிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்குங்கள், பிரேக் கை விலகும். கட்டை டயரைத் தொடவே கூடாது, ரிம்மில் மட்டும் பட வேண்டும்.

கீச்சிடுகிறதா? கட்டையைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். மண்ணும் அலுமினியத் துகளும் பதிந்து மினுங்கும். உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் சத்தம் அடங்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், படலம் தங்கிவிடும்.

மடக்கு வண்டிக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. தண்டை மடக்கும்போது கேபிள் கீலுக்குள் சிக்கி நசுங்கும். விரித்த பிறகு ஹேண்டிலை இடது வலமாக முழுதும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது பிரேக் தானாகப் பிடித்தால் கேபிள் எங்கோ மாட்டியிருக்கிறது.

கியர் குதித்தால்

இங்கே பெரும்பாலோர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். பொறுங்கள். முதலில் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து, கியர் கை (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றுகிற பாகம்) தொங்குகிற கொக்கியைப் பாருங்கள். செயின் ஓடுகிற ரெண்டு சின்னச் சக்கரங்களும் மேலே இருக்கிற பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் ஸ்போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் கொக்கி வளைந்திருக்கிறது, எந்த ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை. மடக்கு வண்டியில் இது சகஜம். வண்டியின் சக்கரமே சின்னதாக இருப்பதால் கியர் கை தரைக்கு ரொம்பப் பக்கத்தில் தொங்குகிறது, மடக்கினால் பல மாடல்களில் அந்தப் பக்கமே வெளியில் நிற்கிறது. பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் கியர் பக்கத்தைச் சுவரை ஒட்டிச் சாத்தாமல், மற்றவர் டிரங்குப் பெட்டி இடிக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள். வளைந்த கொக்கியை நிமிர்த்துவது கடைக்காரர் வேலை. தனியாகக் கழற்றி மாட்டும் வகை என்றால் மாற்றிவிடலாம்.

கொக்கி நேராக இருந்தால் மீதி எளிது. வண்டியைத் தொங்கவிட்டு, பெடலைச் சுற்றியபடி மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு வாருங்கள். அங்கிருந்து ஒரு கியர் மாற்றுங்கள். செயின் அடுத்த சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு, கியர் கையில் கேபிள் நுழையும் உருளையை அரைச் சுற்று எதிர்க்கடிகாரத் திசையில் திருப்புங்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குத் தாவினால் அரைச் சுற்று மறுதிசையில். இப்படியே எல்லாக் கியருக்கும். 'ஹெச்', 'எல்' என்று குறித்த ரெண்டு ஸ்க்ரூவும் செயின் ரெண்டு ஓரத்திலும் எல்லை தாண்டாமலிருக்கத்தான். ஹெச் சின்னப் பல்சக்கரப் பக்கம், எல் பெரிய பல்சக்கரப் பக்கம். செயின் ஸ்போக்ஸுக்குள் விழுந்தால் மட்டும் எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்குங்கள், மற்றபடி கை வைக்காதீர்கள்.

செயின்

செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி. இதைப் புரிந்துகொண்டால் செயின் பராமரிப்பு முடிந்தது. சமையலறைத் தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும். மெக்கானிக் கடையில் ஓசியில் தருகிற பழைய இன்ஜின் ஆயில் தூசியை வாரிக்கொள்ளும். முதலில் துணியால் செயினைப் பிடித்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடையுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். சற்றுச் சுற்றிவிட்டு, வெளியே நிற்கிற எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். தேவையானது உள்ளே போயிருக்கும். மெல்லிய எண்ணெய் சீக்கிரம் வற்றும், அதனால் அடிக்கடி விட வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்தால் அன்றைக்கே.

தேய்ந்துவிட்டதா என்று அறிய ஸ்கேலை வையுங்கள். ஓர் ஆணியின் மையத்திலிருந்து, அந்த ஆணியைச் சேர்க்காமல் எண்ணி 24-ஆவது ஆணியின் மையம் புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் வரும். 12 1/16 என்றால் செயினை மாற்றுங்கள். 12 1/8 வரை விட்டுவிட்டால் பல்சக்கரமும் கூடவே தேய்ந்திருக்கும், செலவு ரெட்டிப்பு.

மடக்கித் தள்ளும்போது செயின் கழன்றால் கியர் கையை முன்பக்கம் தள்ளுங்கள், செயின் தளரும். முன் பல்சக்கரத்தின் மேல்பல்லில் மாட்டி பெடலை மெதுவாக முன்னோக்கிச் சுற்றினால் ஏறிக்கொள்ளும்.

பெடலும் கிராங்கும்

மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை 'டிக்' என்றால் பெடலையும் கிராங்கையும் (பெடல் மாட்டியிருக்கிற தண்டு) சந்தேகப்படுங்கள். இடது பெடலின் மரை தலைகீழ். குழம்பாமலிருக்க ஒரு வழி: எந்தப் பக்கமானாலும் 15 மி.மீ. ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டுங்கள். பின்சக்கரப் பக்கம் இழுத்தால் கழலும், முன்சக்கரப் பக்கம் தள்ளினால் இறுகும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிக் கையாலேயே முதலில் ஏற்றுங்கள். இரும்பு மரை அலுமினியத்துக்குள் ஈரத்தோடு கிடந்தால் அரித்து இறுகிப்போகும். அரிமானத்தையும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து இருக்கிற ஊரில் இருந்துகொண்டு பெடலைத் துருவுக்குக் கொடுக்கலாமா!

கிராங்க் ஆடினால் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வராதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். சதுர அச்சில் மாட்டுகிற கிராங்க் அது. ஆட்டத்தோடு மிதித்தால் அதன் சதுரத் துளை உருண்டு, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றினால் போல்ட் தெரியும். 8 மி.மீ. எலன் அல்லது 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடியோடு, பலமாக இறுக்க வேண்டும். கடையில் கொடுத்தால் "அண்ணே, இதுல காட்டர் பின் கிடையாது, சுத்தியல் வேணாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டர் பின் என்பது பழைய சைக்கிளில் கிராங்கை அச்சோடு பிடிக்கச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிற ஆப்பு.

மற்றவை

ஸ்போக்ஸ்: ரெண்டு ரெண்டாகப் பிடித்து நெருக்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ, சக்கரம் சுற்றும்போது ரிம் பிரேக் கட்டைக்கு நடுவில் அலைந்தாலோ கோட்டம் எடுக்கக் கொடுத்துவிடுங்கள். இதை வீட்டில் பழகுவதற்கு வேறு பழைய சக்கரம் தேடிக்கொள்வது நல்லது.

மடக்கிய பிறகு ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற காந்தம் விழுந்துவிட்டால் புதிது தேடி அலைய வேண்டாம். எடுத்து வைத்த பழைய டியூபைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையங்கள் கிடைக்கும். ஒன்றைச் சக்கரங்களைக் கட்ட வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை நீளவாக்கில் பிளந்து, மட்கார்ட் கம்பி ஃப்ரேமில் தட்டுகிற இடத்தில் சுற்றுங்கள், கடகடப்பு போய்விடும்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கிற பாகத்தின் மேலும் சேர்த்து நகப்பாலிஷால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். நட்டு திரும்பியிருந்தால் கோடு விலகித் தெரியும். காலையில் வண்டியை விரிக்கும்போது ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். கீல் நட்டில் கோடு விலகியிருந்தால் ஸ்பேனரை எடுத்து இறுக்கிய பிறகே ஏறுங்கள்.